சீற் 875, ஆள் ஐந்தடி: ட்ரெயில் பைக்கும் எட்டாத காலும்

2025 ஏப்ரல் 27, பகல். கேள்வி

தெகிவளையிலிருந்து எழுதுகிறேன். உயரம் 5 அடி 1, நிறை 50 கிலோ. மூன்று வருஷமாக ஸ்கூட்டி ஓடுகிறேன். இப்போது ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஜா ஒன்று, கரடுமுரடான பாதையிலும் ஓடுகிற ட்ரெயில் பைக், விலைக்கு வந்திருக்கிறது. ஏறி இருந்து பார்த்தேன், பெருவிரல் நுனிதான் நிலத்தில் பட்டது. விற்கிறவர், "நங்கி, லோவரிங் லிங்க் ஒன்று போட்டால் எல்லாம் சரி" என்கிறார். பைக்கின் பின்பக்கத்தை இறக்குகிற தகடாம். அப்பா "உனக்கு ஏன் குதிரை?" என்கிறார். லிங்க் போட்டால் சரிதானே? கட்டையான ஆட்கள் யாராவது சொல்லுங்கோ. ஆறடிக்காரர் தயவுசெய்து வேண்டாம்.

2025 ஏப்ரல் 27, இரவு

கட்டையான ஆள் வந்துவிட்டேன். 5 அடி 2. அந்த ஒரு அங்குலத்தை வைத்து உங்களுக்கு அண்ணன் ஆகிறேன், தங்கச்சி.

நானும் பாஜாதான் முதலில் வாங்கினேன். அந்த இரண்டு பெரிய வட்ட லைட்டுக்கு ஏமாந்தது நான் மட்டுமில்லை. லிங்கும் போட்டேன். ஒன்றரை வருஷம் ஓடி, விற்றுவிட்டு, யமஹா செரோ 225க்கு வந்தேன். ஆகவே என் பதில்: லிங்க் போடாதீர்கள், பாஜா வாங்காதீர்கள். செரோ தேடுங்கள். முடிந்தது கதை.

2025 ஏப்ரல் 29

முடியவில்லையாம். "காரணம் சொல்லாமல் போனால் எப்படி அண்ணா" என்று கேட்டிருக்கிறார். சரி.

முதலில் இலக்கம். பாஜாவின் சீற் உயரம் 875 மி.மீ. 2012இல் வந்த ஹொண்டா சிஆர்எஃப் 250 எல்லும் அதே 875. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 என்றால் 823. செரோ 225, 1985இல் வந்த முதல் வண்டியிலிருந்தே 810. சுசுகி ஜெபல் 200உம் 810 அளவில்தான். 875க்கும் 810க்கும் இடையில் ஆறரை சென்ரிமீற்றர். ஒரு தீப்பெட்டியின் நீளத்தை விடக் கொஞ்சம் கூட. அவ்வளவுக்காகத்தான் நாங்கள் அடிபடுகிறோம்.

ஆனால் இந்த இலக்கத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். சீற்றின் அகலமும் காலைத் தின்னும். அகலமான சீற்றில் கால் முதலில் பக்கவாட்டில் போய்த்தான் கீழே இறங்குகிறது. அளக்க லேசான வழி: தையல்கார டேப்பை ஒரு பக்க நிலத்திலிருந்து எடுத்து, நீங்கள் இருக்கும் இடத்தில் சீற்றுக்கு மேலாகப் போட்டு, மற்றப் பக்க நிலம் வரை அளவுங்கள். அதன் பாதியை உங்கள் உள்ளங்கால் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். பீஎம்டபிள்யூக்காரர் தங்கள் பைக் விபரத்தாளில் சீற் உயரத்தோடு இந்த வளைவு அளவையும் போடுவார்கள். மற்றவர்களும் போட்டால் எங்களுக்கு எவ்வளவு புண்ணியம்.

2025 ஏப்ரல் 29, இன்னும் கொஞ்சம் பிந்தி

மேலே "உள்ளங்கால் நீளம்" என்று எழுதிவிட்டேன். உள்ளங்கால் என்றால் பாதத்தின் அடி. நான் சொல்ல வந்தது கவட்டிலிருந்து குதிவரை உள்ளுள்ள நீளம். சுவரோடு நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே அழுத்திப் பிடித்து அளவுங்கள். சப்பாத்தோடு ஒரு தரம், வெறுங்காலோடு ஒரு தரம். என்னுடையது வெறுங்காலோடு 72 சென்ரிமீற்றர்.

2025 மே 4

"கட்டையான ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி பைக் தானே கீழே வராதா?" என்று கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. வரும். ஆனால் எங்களுக்குக் குறைவாகத்தான் வரும்.

பின்சில்லு மேலும் கீழும் ஓடுகிற தூரம் 250 மி.மீ. என்று வையுங்கள். ஆள் ஏறி இருந்ததும் அதில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட, எழுபது எண்பது மி.மீ., அமுங்கினால் அது சரியான அமுக்கம். கட்டையான ஆட்கள் அநேகமாக நிறையும் குறைவு. நான் 56 கிலோ. என் பாஜாவில் நான் ஏறினால் 50கூட அமுங்காது. உயரமான, பாரமான ஆளுக்கு பைக் பணிந்து கொடுக்கும், எங்களுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அநியாயம்தான்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பின் ஷொக்கில் (அதிர்வைத் தாங்கும் உறுப்பு) ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற மேல் வளையத்தைத் தளர்த்திவிட்டேன். இருபது மி.மீ. கிடைத்தது. ஒரு கிழமை ராஜா மாதிரி ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன், ரயில்வே கேற்றைத் தாண்டும்போது கீழே "டங்" என்று அடித்தது. பின் டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசி, கறுத்த கோடொன்று போட்டிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது ஓட்டோவில் வந்தா.

ஆகவே: வளையத்தைத் தளர்த்துவது தனியாகவே ஓடுகிறவருக்குக் கொஞ்சம் சரி. பின்னால் ஆள் ஏறும் வண்டிக்குக் கூடாது.

2025 மே 11

லிங்க் கதையை இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு நேரம் இருக்கிறது, மழை.

லிங்க் என்பது பின் ஷொக்கையும், பின்சில்லைப் பிடித்திருக்கிற ஆடும் கையையும் இணைக்கும் இரண்டு எலும்புத் துண்டு மாதிரியான தகடுகள். அநேக பைக்கில் அதைக் கொஞ்சம் நீளமாக்கினால் பின்பக்கம் இறங்கும். சில மில்லிமீற்றர் நீளம் கூட்டினால் சில்லில் அது பல மடங்காகத் தெரியும். என்னுடையதில் பின்பக்கம் 30 மி.மீ. இறங்கியது. போட அரை மணித்தியாலம். பிறகு வந்த வேலைகளுக்கு நாலு மாதம்.

பின்பக்கம் மட்டும் இறங்கினால் பைக் பின்னால் குந்திய நாய் மாதிரி நிற்கும். ஹாண்டில் மந்தமாகத் திரும்பும், ஹெட்லைட் மாமரத்தைப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட முன்சில்லைத் தாங்குகிற ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கிற கிளாம்பில் 20 மி.மீ. மேலே தள்ளினோம். தள்ளும்போது ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: ஃபோர்க் முழுதாக அமுங்கினால் முன் டயர் கீழ்க் கிளாம்பிலோ மட்கார்டிலோ முட்டுமா? பின்பக்கமும் அப்படித்தான், ஷொக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சில்லை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள்?

பிறகு சைட் ஸ்டாண்ட். பைக் இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் இறங்கவில்லை. ஸ்டாண்டில் விட்டால் பைக் ஏறக்குறைய நேரே நிற்கிறது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து கடல் பக்கம் சரிவு. அன்றைக்கு இலேசான காற்று. நான் கடையில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், பைக் யோசித்து யோசித்து வலது பக்கம் சரிகிறது. பாணைப் போட்டுவிட்டு ஓடினேன். பிரேக் லீவர் இரண்டு துண்டு. பக்கத்தில் நின்ற ஓட்டோவின் கண்ணாடி ஒன்று. ஓட்டோக்காரர் வயதான மனுஷன். கண்ணாடிக் காசை வாங்கிக்கொண்டு, "தம்பி, இது ஆம்பிளைப் பைக்" என்றார். ஐந்தடி இரண்டு ஆம்பிளை நான் என்ன சொல்ல?

ஸ்டாண்டை வெட்டக் கொண்டுபோனேன். அளவை நான்தான் கொடுத்தேன், வெல்டிங் பாஸில் பிழை இல்லை. பின்பக்கம் 30 இறங்கியது, ஆகவே 30 வெட்டு, கொஞ்சம் கூடவே வெட்டு, 35. பாஸ் "மஹத்தயா, நிச்சயமா?" என்று இரண்டு தரம் கேட்டார். நிச்சயம் என்றேன். ஸ்டாண்ட் இருப்பது பைக்கின் நடுவில். பின்பக்கம் 30, முன்பக்கம் 20 என்றால் நடுவில் இறங்குவது 25. பத்து மி.மீ. கூட வெட்டுப்பட்டு, பைக் இடது பக்கம் படுத்துக்கொண்டு நிற்கிறது. ஸ்டாண்டுக்குக் கீழே வைக்க ஒரு பலகைத் துண்டைக் கயிற்றில் கட்டி ஹாண்டிலில் தொங்கவிட்டு நாலு மாதம் திரிந்தேன். காரியாலயத்தில் "உங்கட பைக்குக்கு ஏன் தாயத்து?" என்று கேட்டார்கள்.

2025 மே 13

வெசாக். நேற்று இரவு பந்தல் பார்க்க ஆமர் வீதிப் பக்கம் செரோவில் போனேன். போயிருக்கக் கூடாது. அங்குலம் அங்குலமாக நகர்கிற கூட்டம், இருபது அடிக்கொரு தரம் கால் ஊன்ற வேண்டும். கட்டையான ஆளின் உண்மையான பரீட்சை மலைப்பாதை இல்லை, இதுதான்.

அங்கே நின்று நின்று யோசித்ததை எழுதுகிறேன். நாங்கள் இடது பக்கம் ஓடுகிற நாடு. ரோட்டின் நடு உயரம், ஓரம் கானை நோக்கிச் சரிவு. பழக்கத்தில் இடது காலைத்தான் ஊன்றுகிறோம். அதாவது நிலம் தள்ளிப்போகிற பக்கம்! 810 சீற் அந்த இடத்தில் 830 ஆகிவிடுகிறது. வலது காலை ஊன்றிப் பாருங்கள், நிலம் கிட்ட வரும். பின் பிரேக் இல்லாமல் போகும், அதனால் தட்டையான இடத்தில் மட்டும், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு. ஏற்றத்தில் நிற்பதென்றால் மறுபடி இடது கால்தான். ஏனென்றால் வலது கை ஒன்றே முன் பிரேக்கையும் எக்ஸிலேற்றரையும் பிடித்துக்கொண்டு கிளம்புவது வித்தை காட்டுகிற வேலை. கரைக்கல் இருந்தால் அதற்குக் கிட்டப் போய் இடது காலை அதில் வையுங்கள். இப்போது எனக்குக் காலி வீதியில் எந்தெந்தச் சிக்னலில் கரைக்கல் கிட்ட இருக்கிறது என்று மனப்பாடம்.

இரண்டு காலும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பது ஸ்கூட்டிப் பழக்கம். ட்ரெயில் பைக்கில் ஒரு கால் போதும். நிற்க முன்னமே ஒரு பக்கம் பாதிப் பிட்டத்தை இறக்கிவிடுங்கள். மற்றக் கால் பைக்கில்.

2025 மே 14

தடித்த அடி வைத்த சப்பாத்துப் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். போடலாம். 25 மி.மீ. இனாம். கியர் லீவருக்குக் கீழே முன்பாதம் நுழையாமல் போகும், லீவரை ஒரு பல்லு மேலே ஏற்றிப் பூட்டுங்கள். ஹை ஹீல்ஸ் போட்டால் என்ன என்று கேட்டவருக்குப் பதில் இல்லை.

2025 மே 25

மொரட்டுவையில் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். மூன்று வருஷமாக லிங்க் போட்ட பைக் ஓடுகிறாராம், ஒரு பிரச்சினையும் இல்லையாம், நான் வெல்டிங் அளவு பிழைத்த கோபத்தை லிங்க்கில் காட்டுகிறேனாம்.

இரண்டு நாள் யோசித்தேன். பாதி சரி. என் அவலத்தில் பாதி ஸ்டாண்ட், கால்வாசி சோம்பல். அவர் ஓடுவது மொரட்டுவை–கோட்டை, தார் ரோட்டு. அங்கே 30 மி.மீ. இறங்கினால் நட்டமில்லை. லிங்க்கில் மிச்சம் இருக்கிற குறை இரண்டு: அடிப்பாகம் நிலத்துக்குக் கிட்ட வரும், ஷொக்கின் மீது சில்லுக்குக் கிடைக்கும் நெம்பு கூடுவதால் ஸ்பிரிங் மென்மையாகத் தெரியும். ஏப்ரல் 27இல் "லிங்க் போடாதீர்கள்" என்று அடித்துச் சொன்னதை இப்படி மாற்றுகிறேன்: லிங்க்கைக் கடைசியில் போடுங்கள். முதலில் சீற், பிறகு பழக்கம், பிறகும் சரிவராவிட்டால் லிங்க். முன்னும் பின்னும் சேர்த்து, ஸ்டாண்டைக் கடைசியில் அளந்து.

பாஜா வாங்காதீர்கள் என்பதை மாற்றவில்லை.

2025 ஜூன் 8

சீற். இதுதான் நான் செய்ததில் உருப்படியானது.

பஞ்சிகாவத்தைக்கு ஒரு பிரேக் லீவர் தேடிப் போனபோது பக்கத்து ஒழுங்கையில் ஒரு குஷன் கடை கண்டேன். பாஜா இருந்த காலம். கடை என்றால் ஒரு வாசல், ஒரு தையல் மெசின், மேலே தொங்குகிற ஓட்டோ சீற்றுகள். முதலாளி என்னைப் பைக்கில் ஏறி இருக்கச் சொல்லி, என் தொடை சீற்றில் உரசுகிற இடத்தை இரண்டு பக்கமும் சோக்கால் கோடு போட்டார். பிறகுதான் உறையைக் கழற்றினார். மேலே தட்டையாக வெட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. பாண் வெட்டுகிற மாதிரி நீளக் கத்தியால் சீற்றின் முன் மூன்றிலொரு பங்கில் இரண்டு தோளையும் சரிவாகச் சீவினார். மேலே எடுத்தது விரல் தடிப்பு மட்டும். சீவினதைக் கிரைண்டரில் மணல் தாள் பூட்டித் தேய்த்தார், மஞ்சள் தூசு பறந்து அவர் மீசையெல்லாம் மாம்பூ மாதிரி. கையால் தடவுவார், கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் தேய்ப்பார். என்னைத் திரும்ப ஏறச் சொல்வார். நாலு தரம் ஏறி இறங்கினேன்.

எனக்குக் கிடைத்தது இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல். சீற்றில் இருந்து மேலிருந்து கீழே எடுத்தது ஒரு சென்ரிமீற்றர்தான், மிச்சம் அகலம் தந்தது. பின் பாதியைத் தொடவே இல்லை, ஓடும்போது பின்னால் தள்ளி இருந்தால் பழைய மெத்தை.

வெட்டின ஃபோம் துண்டை எறிய விடாமல் வாங்கி வையுங்கள். விற்கும்போது வாங்க வருகிறவர் ஆறடியாக இருக்கலாம்.

2025 ஜூன் 10

ஒன்று விட்டுப்போச்சு. தேய்த்த ஃபோமில் மேல் தோல் இல்லை, பஞ்சு மாதிரித் தண்ணீர் குடிக்கும். உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் தாள் போடச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. முதல் மழைக்குப் பிறகு மூன்று நாள், வெயிலிலும், காரியாலயத்துக்கு ஈரக் காற்சட்டையோடு போனேன். தாயத்துக்குப் பிறகு இது.

2025 ஜூலை 6

கேள்வி கேட்ட தங்கச்சி ஒரு மாதமாகச் சத்தமில்லை, வாங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். இல்லையாம், தேடுகிறாராம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதற்குப் பிறகு பழைய ஜப்பான் பைக்குகளுக்கு எல்லோரும் பொன் விலை சொல்கிறார்கள், இந்த வருஷத் தொடக்கத்தில் திறந்தும் பழைய செரோவின் விலை இறங்கியதாகத் தெரியவில்லை என்கிறார். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

அவர் கேட்ட புதுக் கேள்வி: "விழுந்தால் தூக்க முடியுமா?" சீற்றை விட முக்கியமான கேள்வி. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், நானும் சொல்லியிருக்க வேண்டும்.

போன வருஷம் ஹுன்னஸ்கிரியவால் ஏறி, லூல்வத்தை தாண்டி, கோபெட்ஸ் கெப் கணவாயால் மீமுரேக்கு இறங்கினோம். மூன்று பேர், நான் மட்டும் கட்டை. ஒரு கொண்டை ஊசி வளைவில் கல்லில் முன்சில்லு நின்றுவிட்டது. இடது காலை நீட்டினேன், அங்கே நிலம் இல்லை, சரிவு. பைக் மெதுவாகப் படுத்தது, நான் பக்கத்தில் குதித்து நின்றேன். எதிரே லக்கேகல மலை எங்களைப் பார்த்துக்கொண்டு. மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள், தனியேதான் தூக்க வேண்டும்.

முறை இது. முதலில் என்ஜினை நிற்பாட்டி, கியரில் விடுங்கள், உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், தூக்கி அந்தப் பக்கம் தள்ளினால் தானே நிற்கும். பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீற் விளிம்பில் பின்புறத்தை வைத்து, ஒரு கையால் நிலத்துப் பக்க ஹாண்டில் பிடியை, மறு கையால் பின் கம்பியைப் பிடித்து, முதுகால் தூக்காமல் காலால் தள்ளிப் பின்னுக்கு நடக்க வேண்டும். குட்டைக் காலுக்கு இதில் ஒரு இலாபம், குந்துவதற்குத் தூரம் குறைவு.

என் செரோ எண்ணெய், பெற்றோல் இல்லாமல் நூறு கிலோவுக்குச் சற்றுக் கூட. அது எழும்பியது. பாஜாவாக இருந்தால் மற்ற இருவரும் திரும்பி வரும்வரை லக்கேகலவைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். பார்க்கப் போகும் பைக்கை வாங்க முன் புல்தரையில் ஒரு தரம் படுக்க வைத்துத் தூக்கிப் பார்க்கக் கேளுங்கள். விற்கிறவர் சம்மதிக்க மாட்டார். என்றாலும் கேளுங்கள், அவர் முகத்தைப் பார்க்கலாம்.

2025 ஜூலை 7

நண்பர் ஒருவரின் பழைய ஹொண்டா எக்ஸ்எல்ஆர் பற்றிக் கேட்டார்கள். உதைத்துக் கிளப்புவது. கால் எட்டாத ஆள் உதைக்க பைக்கை ஸ்டாண்டில் விட்டு மேலே ஏறி நிற்க வேண்டும். வெட்டி ஒட்டின ஸ்டாண்டில் அப்படி ஏறாதீர்கள், ஒட்டு விடும். செரோவுக்கு 1989இலிருந்து செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. அதைப் பார்த்து வாங்குங்கள்.

2025 ஜூலை 20

வாங்கிவிட்டார்! செரோ 225, செல்ஃப் ஸ்டார்ட்டோடு. இன்று மாலை எங்கள் ஒழுங்கைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா பின்னால், தலைக்கவசம் ஒரு பக்கம் சரிய, குதிரையில் வந்த மாப்பிள்ளை மாதிரி.

ஏறி இருந்து காட்டினார். முன்பாதம் இரண்டும் அழகாக ஊன்றுகிறது. என் செரோவில் எனக்கே அப்படி ஊன்றாது. என்னை விட ஒரு அங்குலம் கட்டை, ஆறு கிலோ குறைவு. கணக்கு உதைக்கிறது. அவருக்கு ஒரே புளுகம், "பார்த்தீங்களா அண்ணா, ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்கிறார்.

பைக்கை ஸ்டாண்டில் விட்டபோது குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டின் நடுவில், கறுத்தப் பெயின்ற்றுக்குக் கீழே, மோதிரம் மாதிரி ஒரு வெல்டிங் தழும்பு. மேலே பார்த்தால் ஃபோர்க் குழாய்கள் கிளாம்புக்கு மேலே ஒரு விரல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. என்னுடையதில் மட்டமாக இருக்கும். பக்கத்தில் என் பைக்கை நிறுத்தி லிங்க்கின் ஓட்டைக்கு ஓட்டை டேப்பால் அளந்தோம். அவருடையது நீளம். இந்தப் பைக்கை முதலே ஒரு கட்டையான ஆள் வைத்திருந்திருக்கிறார், எல்லாம் செய்து முடித்திருக்கிறார், ஸ்டாண்டையும் என்னை விடச் சரியாக அளந்து வெட்டியிருக்கிறார்.

மூன்று மாதமாக நான் இங்கே எழுதினதையெல்லாம் அவர் திரும்ப வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே: மாற்ற வேண்டாம் தங்கச்சி. இப்படியே ஓடுங்கோ. மழை விட்ட பிறகு, ஷொக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றி டயர் முட்டுதா என்று மட்டும் பார்ப்போம். விற்றவரிடம் ஒரிஜினல் லிங்க் இருக்கா என்று கேட்டு வாங்கி வையுங்கோ.

2025 ஜூலை 21

கேட்டாராம். இருக்குதாம். வீட்டு மதில் கேற்று காற்றுக்கு அடிபடாமல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாராம். கேற்றுக்கு வேறு ஏதாவது கொண்டுவந்தால் தருவாராம். என் பலகைத் துண்டு இன்னும் இருக்கிறது, கயிற்றோடு. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.